சுகந்தியூட்டு அடுப்படிச் செவுரு

இந்தாங்க தம்பி, இதச் சித்தெ எடுத்துக்கங்க. பையோடவே எடுத்துக்கங்க, பை எனக்கு வேண்டாம். என்ன குடுக்கறீங்களோ குடுங்க, நான் பேரம் பேச வரல. இந்தச் சனியன் இனி என்ற ஊட்டுல இருக்கப்படாது, அவ்ளோதான்.

அய்யோ, திருட்டுச் சாமானமெல்லாம் இல்லீங்க தம்பி. அப்படிப் பாக்காதீங்க. எங்கூட்டுக்காரர் வெச்சிருந்த மட்டம் பாக்கற லேசர் மெஷினு. டைல்ஸ் ஒட்டறவரு அவரு. நாச்சிமுத்துன்னா எங்க பக்கம் எல்லாத்துக்கும் தெரியும். தெரியும்னா, முந்தி நல்ல விதமாத் தெரியும். இப்பத் தெரியறது வேற. அதுக்குத்தான் எங்கூருல இருக்கற கடைக்குப் போகாம ரெண்டு பஸ்ஸு மாறி உங்க கடையத் தேடீட்டு வந்தேன். அங்க போனா, "என்னங்க்கா, அந்தக் கோணச் செவுரு மெஷினுங்களா?"ன்னு கேட்டுப்போடுவாங்க. கேப்பாங்களோ இல்லையோ, மூஞ்சியில கேக்கற மாரியே நிப்பாங்க.

அவரு வரலீங்க. கடை வாசப்படி ஏற மாட்டேனுட்டாரு. "நீயே போயிட்டு வந்துரு அம்மிணி"ன்னாரு. ஆம்பளைக்கு வெக்கமா இருந்தா ஊட்டுல உக்காந்துக்கலாம். பொம்பளைக்கு வெக்கமா இருந்தாலும் பையத் தூக்கீட்டு பஸ் ஏறோணும்.

என்ன கோளாறுன்னு கேக்கறீங்களா? கோளாறு மெஷினுக்கில்ல தம்பி. மெஷினு உண்மையத்தான் சொல்லுச்சு. அந்த உண்மையத்தான் எங்களால தாங்க முடீல. நீங்க திறந்து பாத்துட்டே இருங்க, நான் சொல்றேன். சொன்னாத்தான் நீங்களும் நம்புவீங்க.

எங்கூட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சிங்க. சுகந்தி. நல்ல எடத்துல வாக்கப்பட்டவ. அவ ஊட்டுக்காரர் தெய்வசிகாமணி அண்ணன் பனியன் கம்பெனி வெச்சிருக்காரு. ரெண்டு காரு நிக்குது. நாங்க டிவிஎஸ்ல போயி எறங்குனா நாய்கூட ஒரு தினுசாத்தான் பாக்கும். குத்தஞ் சொல்லல. சுகந்தி நல்ல புள்ளதான், "அண்ணி அண்ணி"ன்னுதான் இருப்பா. இருந்தாலும் பாருங்க, நமக்கு இல்லாததை ஆராச்சும் அன்பாக் குடுத்தாக்கூட வாங்கறப்ப கை கூசும். அது அவளுக்குப் புரியாது.

அவ மவளுக்குக் கல்யாணம் கூடி வந்துச்சு. பெரிய எடம். எங்க பக்கத்துல நிச்சயம்னா உப்பு சக்கரை மாத்தறதுன்னு சொல்லுவோம், உங்களுக்குத் தெரியுமில்ல? பொண்ணூட்டுல இருந்து உப்பும் சக்கரையும் பொட்டலம் கட்டி வெச்சு ரெண்டு பக்கமும் மாத்திக்கறது. அது மாத்தியாச்சுன்னா பேச்சு முடிஞ்சது. அதுக்கு மாப்பிள்ளையூட்டு ஒரம்பரை, சொந்தபந்தம் பூராவும் ஊட்டுக்கு வருவாங்க. பொம்பளைங்க வந்தா மொத எங்க போவாங்க? அடுப்படிக்குத்தான். அதனால அடுப்படிய இடிச்சுப் பெருசு பண்ணி, புதுசா டைல்ஸ் ஒட்டோணும்னு சுகந்தி நின்னா. தெய்வசிகாமணி அண்ணன், கோயமுத்தூருல இருந்து ஆளக் கூட்டியாறேன்னாரு. சுகந்திதான், "என்ற அண்ணன் இருக்கறப்ப வேத்தாளு எதுக்கு?"ன்னு புடிவாதம் புடிச்சா. அவ அன்னைக்குப் புடிவாதம் புடிக்காம இருந்திருந்தா இந்த மானக்கேடே இல்ல, பாத்துக்கங்க.

அந்த நேரத்துலதான் இவரு இந்த மெஷினை வாங்குனாரு. புள்ளை பொறந்த மாரி ஒரு சந்தோசம் தம்பி. வாங்குன அன்னைக்கு எங்கூட்டு செவுத்துல பச்சைக் கோடு அடிச்சுக் காட்டுனாரு. "பாரு அம்மிணி, இனி மட்டம் பாக்க நூலு வேண்டாம், டியூப்புல தண்ணி ஊத்திப் பாக்க வேண்டாம். இத எங்க வேணாலும் வை. கல்லு மேல வை, மூட்டை மேல வை. தலையச் சித்தெ ஆட்டீட்டு அதுவா நேரா நின்னுக்கும்"னாரு. எங்கூட்டு சாமி படத்தை நேராக்கி மாட்டுனாரு. கண்ணாடிய நேராக்குனாரு. காலண்டரக்கூட விடலீங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு.

சுகந்தியூட்டு வேலைய உசிரக் குடுத்துச் செஞ்சாரு. செவுத்துல வெள்ளை டைல்ஸு, நடுவுல நீலப் பூவு போட்ட ஒரு பட்டி, அடுப்பு மேடைக்கு இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடும். அந்தப் பட்டிதான் அழகே. அது சித்தெ ஏறி எறங்குனாப் போச்சு. கடைசி ரெண்டு நாளு, விசேசம் நெருங்கிப் போச்சு, சிம்னிக்காரன் ஒருத்தன் வேற வந்து எடத்தை அடைச்சுட்டு நின்னான். நானும் போன் போட்டு, "முடிஞ்சுதா இல்லையா, முடிஞ்சுதா இல்லையா"ன்னு நச்சரிச்சேன். அந்தப் பட்டிய மட்டும் மெஷினு இல்லாமக் கைக்கணக்குல ஒட்டீட்டாரு. அத அப்பறம் எத்தனை தடவ சொல்லி மாஞ்சாருங்கறீங்க!

சரி, உப்பு சக்கரை அன்னைக்கு வந்தாங்க. காருக்கு மேல காரு. மாப்பிள்ளைக்கு அம்மா இருக்கறாங்களே, அவங்க ஒரு மாரி. பேசறப்பச் சிரிப்பாங்க, கண்ணு மட்டும் எடை போட்டுட்டே இருக்கும். நேரா அடுப்படிக்குள்ள வந்தாங்க. செவுத்தத் தடவிப் பாத்து, "வேலை ஆருங்க செஞ்சது?"ன்னு கேட்டாங்க. சுகந்தி வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நாந்தான் சொன்னேன், "எங்கூட்டுக்காரர்தானுங்க. பொண்ணுக்குத் தாய்மாமன்"னு. அந்தம்மா, "அப்படீங்களா, சொந்தத்துக்குள்ளயே முடிச்சுட்டீங்களா"ன்னு ஒரு இழுவை இழுத்தாங்க. அந்த இழுவை எனக்கு ஆகல. காசுக்குப் பாத்துச் சொந்தக்காரனை விட்டு ஒப்பேத்திட்டீங்களாங்கற மாரி இருந்துச்சு. எனக்குச் சுருக்குன்னுச்சு.

அதனாலதான் மெஷினை எடுத்தேன். "சொந்தம்னா சும்மா இல்லீங்க, லேசர் வெச்சு ஒட்டுனது. பாருங்க, மயிரெழை பிசகாது"ன்னு சொல்லி, வெச்சுப் பட்டனை அமுக்குனேன். பச்சைக் கோடு செவுத்துல அடிச்சுச்சு.

கோடு சாஞ்சிருந்துச்சு தம்பி.

இந்தக் கோடியில பட்டியத் தொட்டுட்டு நிக்குது. அந்தக் கோடிக்குப் போறப்ப நாலு வெரக்கடை எறங்கிப் போச்சு. பொம்பளைங்க இத்தனை பேரு நிக்கறாங்க. அப்பறம் ஆரோ ஒருத்தி, "அய்யே, கோணலா இருக்குதே"ன்னா. அந்தம்மா என்ற தோளைத் தட்டி, "பரவால்ல உடுங்க, சொந்தத்துல செஞ்சா முன்னப்பின்னத்தான் இருக்கும்"னாங்க. தட்டுனது லேசாத்தான். எனக்கு அறைஞ்ச மாரி இருந்துச்சு.

தெய்வசிகாமணி அண்ணன் எட்டிப் பாத்தாரு. போனை எடுத்து, கோடும் பட்டியும் தெரியற மாரி செவுத்தை ஒரு போட்டோ புடிச்சாரு. நான் படக்குன்னு மெஷினை நிறுத்திப் பைக்குள்ள தள்ளீட்டேன். இவரு அந்நேரம் கொல்லையில சமையக்காரங்களுக்குத் தண்ணி எடுத்து ஊத்தீட்டு இருந்தாரு. உள்ள வந்தப்போ போட்டோவைத்தான் காட்டுனாங்க. அத வெகு நேரம் பாத்தாரு. பாத்துப்போட்டு, "ஆமாங்க மச்சா, கோணல்தான். பட்டிய நான் கைக்கணக்குல ஒட்டீட்டேன். நானே இடிச்சுட்டு நானே ஒட்டித் தர்றேன், ஒரு பைசா வேண்டாம்"னாரு. அத்தனை பேரு முன்னாடி. கைய இப்படிக் கட்டிக்கிட்டு நின்னு.

அண்ணன், "வேண்டாம் மச்சா, நீங்க சிரமப்பட்டது போதும்"னாரு.

மரியாதையாத்தான் சொன்னாரு. திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. மரியாதையாச் சொன்னாருன்னா அப்பறம் நாம என்ன பேசறது?

அந்தப் போட்டோ ஒரம்பரை வாட்ஸ்அப் குரூப்புல வந்துருச்சு. ஆரு போட்டாங்கன்னு தெரீல. ஒருத்தர் சிரிக்கற பொம்மை போட்டாரு. இன்னொருத்தர், "தாய்மாமன் சீரு"ன்னு எழுதுனாரு. அதுக்கு இருவது பேரு சிரிக்கறாங்க. நான் அந்தக் குரூப்புல இருந்து வெளிய வந்துட்டேன். இவரு வரல. அத்தனையும் பாத்துட்டு உள்ளயே இருந்தாரு.

ஊட்டுக்கு வந்து என்னைய ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. "மெஷினை எங்க வெச்சு அடிச்ச அம்மிணி?"ன்னாரு. எனக்கு இருந்த எரிச்சல்ல, "எங்க வெச்சா என்ன? எங்க வெச்சாலும் நேரா நிக்கும்னு நீங்கதான சொன்னீங்க! இப்ப என்ற மேல பழியப் போடப் பாக்கறீங்களா?"ன்னு கத்துனேன்.

அடுத்த நாள் காலையில மட்டம் பாக்கற பழைய ரசமட்டக் கட்டைய எடுத்துத் தோள் பையில வெக்கறாரு. எங்கீங்க போறீங்கன்னு கேட்டா, "சும்மா ஒருக்கா வெச்சுப் பாத்துட்டு வந்தர்றேன். மனசு ஆற மாட்டேங்குது"ங்கறாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "ஊரே பாத்துச்சு, இன்னும் நீங்க என்னத்தைப் பாக்கப் போறீங்க? ஒருக்கா அசிங்கப்பட்டது பத்தாதா?"ன்னு பையப் புடிங்கி வெச்சுட்டேன். அப்பறம் இன்னொருக்காக் கேட்டாரு. உடல. மூணாவதுக்காக் கேக்கறப்ப, சுகந்தியே போன் போட்டு, "அண்ணி, செவுத்த இடிக்க ஆளு வந்துட்டாங்க"ன்னு சொல்லீட்டா. கோயமுத்தூரு ஆளுதான். நீலப் பட்டியோட பூராத்தையும் பேத்து எடுத்துட்டாங்க.

நான் செஞ்சது சரிதானுங்களே? புருசன் இன்னொருக்கா போயி அவமானப்படறதப் பாத்துட்டு எந்தப் பொம்பள சும்மா இருப்பா?

கல்யாணத்துல தாய்மாமன் முன்னாடி நிக்கோணும். மணவறையில பொண்ணு நெத்தியில பட்டம் கட்டறதே அவருதான். கட்டுனாரு. கட்டறப்ப ஒரு கெழவன் பின்னால இருந்து, "நேராக் கட்டுங்க மாப்ள"ன்னு ஒரு சத்தம் குடுத்தான். மண்டபமே சிரிச்சுச்சு. பொண்ணும் சிரிச்சுருச்சு பாவம், வெவரம் தெரியாம. அவரும் சிரிச்சாரு. சிரிச்சுட்டே எறங்கி வந்தவரு பந்தியில உக்காரல. தேடிப் போனேன், வண்டி நிறுத்தற எடத்துல வேப்ப மரத்தடியில நின்னுட்டு இருந்தாரு. "சாப்பிட்டு வா அம்மிணி, நான் வண்டியப் பாத்துக்கறேன்"னாரு. எங்க டிவிஎஸ்ஸை ஆருங்க தூக்கீட்டுப் போகப் போறா?

அன்னைக்கு விட்டாரு வேலைய. கொத்துக் கரண்டியத் தொடல. கேட்டு வந்தவங்ககிட்டக்கூட, "எனக்குக் கண்ணு மட்டுப்படல, வேற ஆளப் பாருங்க"ன்னு அனுப்பிப்போட்டாரு. கண்ணுக்கு ஒண்ணுமில்ல தம்பி, ஆசுபத்திரிக்கே கூட்டீட்டுப் போயிக் காட்டுனேன். இப்ப ஒரு சாயப்பட்டறையில கேட்டுல உக்காந்து லாரி வந்தாத் தொறந்து உடறாரு. நான் அந்த வழியா வேலைக்குப் போறப்ப அவரு மூஞ்சியத் திருப்பிக்குவாரு. நானும் திருப்பிக்குவேன். எனக்கும் கூட வர்றவளுகளுக்கு முன்னாடி அவரப் பாத்துக் கை காட்ட வெக்கம். உண்மையத்தான் சொல்றேன்.

நானும் ஒண்ணும் சும்மா இருந்துடல. வாய் நீளம் எனக்கு. சோத்துல உப்பு கொறைஞ்சிருக்குதுன்னு சொல்லுவாரு, "உப்பு கொறைஞ்சா போட்டுக்கலாம், கோணச் செவுத்தை என்ன பண்றது?"ம்பேன். காலண்டரப் பாத்து, "இது நேரா இருக்குதா, இல்ல நீங்க மாட்டுனதா?"ம்பேன். அவரு தலையக் குனிஞ்சுட்டுத் திம்பாரு. கேக்கறப்பவே எனக்கும் ஒரு மாரித்தான் இருக்கும், ஆனா நாக்கு நிக்கோணுமே.

ஆங்? என்னங்க தம்பி? ஆமாங்க, அந்தப் பக்கத்துல இருக்கற திருகு அப்படித்தான் இருந்துச்சு, நான் அதத் தொடல. மேல இருக்கற பட்டனைத்தான் அமுக்குனேன். லைட்டு வந்துச்சே. சிமிட்டிச் சிமிட்டி எரிஞ்சுச்சு. சார்ஜ் இல்லைன்னு நெனச்சேன்.

சிமிட்டுனாத் தப்புங்களா?

இருங்க, இருங்க. மெதுவாச் சொல்லுங்க. எனக்கு வெளங்கற மாரிச் சொல்லுங்க. உள்ள ஒரு குண்டு மாரித் தொங்குதா? சரி. தூக்கீட்டுப் போறப்ப அது ஆடிக் கெட்டுப் போகாம இருக்கத் திருகை மூடி வெக்கறது. சரி. எங்கூட்டுக்காரர் அப்படித்தான் வெப்பாரு, சாமானத்தை அவரு மாரிப் பாத்துக்கறவங்க ஆரு? வேலை செய்யறப்ப அந்தத் திருகைத் தொறக்கோணும். தொறந்தாத்தான் குண்டு ஆடி நேரா நிக்கும். தொறக்காம மேல் பட்டனை அமுக்குனா?

அமுக்குனா என்னங்க? சொல்லுங்களேன் தம்பி!

இல்ல, வாயால சொல்ல வேண்டாம். அடிச்சுக் காட்டுங்க. அந்த எதுத்தாப்புல செவுத்துல அடிங்க.

இது திருகு தொறந்ததுங்களா. சரி, நேரா நிக்குது. அந்த டப்பாவ அடியில குடுங்க ஒரு பக்கமா. சாச்சு வைங்க. இப்பவும் நேராத்தான் நிக்குது. இப்பத் திருகை மூடுங்க. அதே டப்பா மேலயே வைங்க. பட்டனை அமுக்குங்க.

ஓ.

சிமிட்டுது. சாயுது.

இன்னொருக்காப் போடுங்க தம்பி.

அய்யோ. அய்யய்யோ, என்ற சாமி.

எங்க வெச்சு அடிச்சேன்னு கேட்டாருங்க அவரு. மேடை மேலதான்னு நெனச்சுட்டே இருந்துட்டேன் இத்தனை நாளும். மேடையில எங்க எடம் இருந்துச்சு? தாம்பாளம், பழம், பூவு, வெத்தலைன்னு பூரா அடைச்சுக் கெடந்துச்சே. சக்கரைப் பொட்டலத்து மேல வெச்சேன். உப்பு சக்கரை மாத்தக் கட்டி வெச்சிருந்தாங்க பாருங்க, அந்தப் பொட்டலத்து மேல. மெத்துன்னு ஒரு பக்கம் அமுங்குச்சு. அமுங்குனது கையில தெரிஞ்சுச்சு தம்பி. தெரிஞ்சும், இது எங்க வெச்சாலும் நேரா நிக்குமேன்னு உட்டுட்டேன். அவரு சொன்னதைத்தான் நம்புனேன். பாதியத்தான் அவரு சொல்லியிருக்காரு, மீதி நான் கேக்கல.

அப்ப அந்தச் செவுரு?

செவுரு நேராத்தானுங்க இருந்திருக்கும்! கைக்கணக்குல ஒட்டுனாலும் நேராத்தான் ஒட்டியிருக்காரு மனுசன். நான் சக்கரைப் பொட்டலத்து மேல வெச்சு அடிச்ச கோடுதான் கோணல். ஒருக்கா ரசமட்டம் வெச்சுப் பாத்துட்டு வர்றேன்னு கெஞ்சுனாரே! மூணுக்காக் கேட்டாரே! நாந்தான் பையப் புடிங்கி வெச்சேன். இப்பப் போயிப் பாக்கறதுக்குச் செவுரே இல்ல. பேத்துக் குப்பை வண்டியில ஏத்தீட்டாங்க.

அந்தத் தண்ணிய இங்க குடுங்க. இல்லீங்க, உக்காரல. நின்னுக்கறேன்.

அன்னைக்கு மெஷினை ஊட்டுல இருந்து சுகந்தியூட்டுக்கு எடுத்துட்டுப் போனதும் நாந்தான் தம்பி. அவரு எடுத்துட்டு வரல. அப்ப அவருக்குத் தெரியவே தெரியாது. சேலைத் துணிக்கு அடியில வெச்சு நான் எடுத்துட்டுப் போனேன். அந்தப் பெரிய எடத்துப் பொம்பளைங்க முன்னாடி ஒரு நிமிசம் என்ற புருசனும் பெரிய ஆளுதான்னு காட்டோணும்னு இருந்துச்சு. இழுவை இழுத்தாங்கன்னு சொன்னேனே, அவங்க இழுக்கறதுக்கு முன்னாடியே நான் மெஷினோடதான் போயிருந்தேன். அவங்க இழுத்ததாலதான் எடுத்தேன்னு சொன்னது பொய்யி. என்ற வாயிலயே எத்தனை பொய்யி பாருங்க.

தம்பி, ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். நான் அவருக்குப் போன் போட்டுத் தர்றேன். நீங்க பேசுங்க. "மெஷினு பழுதுங்க, கம்பெனியில இருந்தே கோளாறு, உங்க செவுத்து மேல தப்பில்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு நம்புவாரு. கடைக்காரர் சொன்னா நம்பீருவாரு. அவரு பேரும் வந்துரும், என்ற மானமும்...

இருங்க.

இல்ல, வேண்டாம். அது ஆகாது.

மெஷினு பழுதுன்னா அவரு சும்மா இருக்க மாட்டாரு. இந்த மெஷினை வெச்சு இன்னும் எத்தனை ஊட்டுல வேலை செஞ்சிருக்காரு! வாத்தியாரம்மா ஊட்டு பாத்ரூமு, மாவு மில்லுக்காரர் ஊட்டு ஹாலு. அதெல்லாம் கோணலா இருக்கும்னு நெனச்சுக்குவாரு. நெனச்சுட்டு உக்காந்திருக்கற ஆளு இல்ல. ஒவ்வொரு ஊட்டுக் கதவாத் தட்டி, "நான் ஒட்டுனது தப்பு, இடிச்சுட்டு ஒட்டித் தர்றேன்"னு நிப்பாரு. என்ற மானத்தைக் காப்பாத்த அந்த மனுசனை ஊரு ஊராக் கை கட்டி நிக்க வெக்கறதா? ஒருக்கா நிக்க வெச்சது பத்தாதா?

நானே சொல்றேன். நம்பரை அமுக்கிக் குடுங்க தம்பி. நாச்சின்னு இருக்கும் பாருங்க. அதான்.

ஏனுங்க, நாந்தான். இல்லீங்க, இன்னும் விக்கல. கடையிலதான் நிக்கறேன். அது கெடக்குது, நான் சொல்றதச் சித்தெ கேளுங்க. லாரி வந்தா நிக்கட்டும், கேளுங்க. அன்னைக்கு எங்க வெச்சு அடிச்சன்னு கேட்டீங்களே. சக்கரைப் பொட்டலத்து மேலீங்க. ஆமாங்க, பொட்டலத்து மேல. திருகு தொறக்கல. எனக்குத் தெரீலீங்க, மேல பட்டனை அமுக்குனேன். ஆமா, சிமிட்டுச்சு. நாந்தான் எடுத்துட்டு வந்தேன், ஆமா, உங்களுக்குத் தெரியாம.

கேக்குதுங்களா? ஏனுங்க?

ஆமாங்க. நேராத்தான் இருந்துச்சு.

ஆமாங்க, நேராத்தான். கடைக்காரத் தம்பியும் இங்கதான் இருக்காரு, அவரும் சொல்றாரு. நேராத்தான் இருந்துச்சுங்க.

சரீங்க. சரி. வெச்சர்றேன்.

வெச்சுட்டாருங்க தம்பி. லாரிக்காரன் ஆரன் அடிச்சுட்டே இருந்தான், கேட்டத் தொறக்கப் போயிட்டாரு.

போனை எடுத்ததும் மொத வார்த்தை என்ன சொன்னாரு தெரியுமா? நான் விசயத்தைச் சொல்றதுக்கு முன்னாடி. "கோவிச்சுக்காத அம்மிணி, என்னாலதான நீ கடை கடையா அலையற, நானே வந்திருக்கோணும்"னாரு. அதக் கேட்டதுக்கப்பறம்தான் நான் சொன்னேன். சொல்லி முடிச்சேன். அப்பறம், "செவுரு நேராத்தான இருந்துச்சு?"ன்னாரு. ஆமான்னேன். மறுக்காவும் அதையே கேட்டாரு. மூணாவதுக்கா, நேராத்தான் இருந்துச்சுன்னு அவருக்கே சொல்லிக்கற மாரிச் சொன்னாரு. அழுதுட்டாரு தம்பி. கல்யாணமாயி இத்தனை வருசத்துல அவரு அழுது நான் கேட்டதில்ல.

கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா? "நீ வெச்சு அடிச்சன்னு சுகந்திகிட்டச் சொல்லீராத. ஆருகிட்டயும் சொல்லாத. உன்னையச் சிரிப்பாங்க அம்மிணி. உன்னால தாங்க முடியாது. எனக்குத் தெரிஞ்சுதில்ல, அது போதும்"னாரு.

ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தீட்டு, நிம்மதியா பஸ் ஏறியிருப்பேன். எனக்கு அதுதான் வரும். இப்ப எனக்கு என்ன பண்றதுன்னே தெரீல. இத்தனை நாளும் அந்த மனுசன் மூஞ்சியப் பாக்க வெக்கப்பட்டுட்டு இருந்தேன். இனி அவரு என்ற மூஞ்சியப் பாத்தா நான் எங்க வெச்சுக்குவேன்?

அந்தப் பையக் குடுங்க தம்பி. மெஷினை உள்ள வைங்க. மன்னிச்சுக்கங்க, உங்க நேரத்தைக் கெடுத்துப்போட்டேன். விக்கலீங்க. இது அவரோடது, அதக் குடுக்க நான் ஆரு?

சொல்லாதன்னு அவரு சொல்லுவாரு. அவரு அப்படித்தான். சொல்லாம இருக்கறது எனக்கு எவ்வளவு சுகம்னு எனக்குத் தெரியும், அதனாலதான் இப்பவே போகோணும். ஊட்டுக்குப் போயிட்டா நான் சொல்ல மாட்டேன். என்னைய எனக்குத் தெரியும். நாளைக்கு நாளைக்குன்னு வாய மூடிக்குவேன்.

சுகந்தியூட்டுப் பக்கம் போற பஸ்ஸு இங்க நிக்குமுங்களா, இல்ல எதுத்தாப்புல நிக்கோணுமா?